வியாபார ஆங்கிலம்: கடைசி வைக்கோல்



எக்கியார்குப்பத்திலிருந்து நம் கூட்டங்களுக்கு வரும் உப்பு வியாபாரி ஒருவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார். "நான் அனுப்புறது உப்பு. இந்தக் கம்பெனிக்காரர் வைக்கோலைப் பத்தி எழுதியிருக்காரே, வேற யாருக்கோ போக வேண்டியதா?" என்று கேட்டார்.

வாங்கிப் படித்தோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதும் நமக்கெல்லாம் தெரிந்ததே. அம்பாரமாகக் குவித்து வைத்த உப்பு கரைந்து போனால் லோடு எங்கிருந்து போகும்? நம் நண்பர் இரண்டு முறை தவணை சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறையும் சொல்லியிருக்கிறார். அதற்கு வெளிமாநிலக் கம்பெனி எழுதிய பதில் அது. நடுவில் ஒரு வரி: "திஸ் இஸ் த லாஸ்ட் ஸ்ட்ரா." கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வைக்கோல் என்று நினைத்துச் சிரித்து, மடித்து வைத்துவிட்டார்.

ஒட்டகத்தின் முதுகில் சுமை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியாக ஒரே ஒரு வைக்கோல் துரும்பை வைத்ததும் முதுகு முறிந்து விடுகிறது. அந்தத் துரும்புதான் 'லாஸ்ட் ஸ்ட்ரா'. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னதும் இதே கருத்துதான். கடிதத்தில் இது வந்தால், "இனிப் பொறுக்க மாட்டோம்" என்று பொருள். அன்றைக்கே பதில் போட வேண்டிய கடிதம்.

இப்படிப்பட்ட தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்துப் பயனில்லை. "வயிறு எரியுது" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னால் நாம் அவருக்கு மருந்தா வாங்கித் தருகிறோம்?

இன்னொன்று, கோபத்துக்கும் எடை உண்டு. ஐம்பது கிராம் வைக்க வேண்டிய தட்டில் ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தால் தராசு என்ன ஆகும்? அதை நாமே செய்து பட்டிருக்கிறோம். பல வருடங்களுக்கு முன்பு, உடைந்து வந்த சரக்கை மாற்றித் தராத ஒரு கம்பெனிக்கு "வி ஆர் ஃபெட் அப் வித் யூ" என்று எழுதினோம். ஏதோ "வருத்தமாக இருக்கிறது" என்று எழுதியதாக நமக்கு நினைப்பு. ஆனால் 'ஃபெட் அப்' என்பது தின்று தின்று தெவிட்டிப்போன நிலை. "உங்களைக் கண்டாலே சலிப்பாக இருக்கிறது" என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிட்டது. இரண்டு மாதம் அந்த லைன் வண்டி நம் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. "வி ஆர் டிஸப்பாயிண்டட்" என்று எழுதியிருக்க வேண்டும். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற ஏமாற்றத்தை மட்டும் அது சொல்லும், ஆளைத் தொடாது. புகார்க் கடிதத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

'அட் த எண்ட் ஆஃப் அவர் டெதர்' என்றும் சிலர் எழுதுவார்கள். 'டெதர்' என்பது மாட்டை மேயக் கட்டும் கயிறு. கயிறு எட்டுமட்டும் போய்விட்டது, இனி நகர இடமில்லை என்பது பொருள். இதில் கோபத்தைவிடக் கையாலாகாத தவிப்பு அதிகம். இப்படி எழுதுகிறவரிடம் பேசிப் பார்க்கலாம், வழி இருக்கிறது.

பயத்துக்கு 'கோல்ட் ஃபீட்'. கால் சில்லிட்டுப் போவது. முன்பணம் வரை பேசிவிட்டு ஒரு பார்ட்டி பின்வாங்கினால் "ஹீ காட் கோல்ட் ஃபீட்" என்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, துணிச்சல்தான் போய்விட்டது.

வியாபாரிகள் அதிகம் தடுமாறுவது சிவப்பில். "ஹீ ஸா ரெட்" என்றால் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "ஹீ இஸ் இன் த ரெட்" என்றால் அவர் கணக்கில் நட்டம். இந்த இரண்டாவதைக் கோபம் என்று எண்ணிக் கடன் கொடுத்துவிடக் கூடாது! கூரையும் அப்படித்தான். முதலாளி 'ஹிட் த ரூஃப்' என்றால் கோபத்தில் குதித்தார். துவரம்பருப்பு விலை 'த்ரூ த ரூஃப்' என்றால் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது.

நம் கடற்கரைக்கு உரிய தொடர் ஒன்றும் உண்டு: 'ரப் சால்ட் இன் த ஊண்ட்'. புண்ணில் உப்பைத் தேய்ப்பது. தமிழில் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம், அவர்கள் உப்பைத் தேய்க்கிறார்கள். புயலில் அம்பாரத்தை இழந்தவரிடம் போய் டிஸ்கவுண்ட் கேட்பது இதற்குச் சரியான உதாரணம். உப்பளத்தில் வெடித்த காலோடு நிற்கிற தொழிலாளிக்கு இந்தத் தொடரின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று நண்பருக்காக உட்கார்ந்து பதில் எழுதினோம். 'வித் அ ஹெவி ஹார்ட்', அதாவது கனத்த மனத்தோடு, என்று தொடங்கி, நடந்ததைச் சொல்லி, மூழ்கிய பாத்திகளின் போட்டோவையும் வைத்து, ஒரு புதுத் தேதியும் கொடுத்தோம். நான்காம் நாள் பதில் வந்தது. நண்பர் மறுபடியும் ஓடி வந்தார்.

"ஒரு சிட்டிகை உப்புன்னு எழுதியிருக்காங்க. நான் லாரி லோடு இல்ல அனுப்பணும்?"

"உங்கள் தேதியை வித் அ பின்ச் ஆஃப் சால்ட் எடுத்துக்கொள்கிறோம்" என்பது அந்த வரி. சொல்வதை முழுக்க நம்பவில்லை, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஏற்கிறோம் என்று பொருள். ஆர்டரை ரத்து செய்யவில்லை; ஆனால் இன்னொரு தவணைக்கு அங்கே இடமில்லை. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. நம் பாத்திகள் தேறி வரும்வரை காத்திருக்க முடியாது என்று, அன்று மாலையே தூத்துக்குடிக்கு போன் போட்டார்.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே லாரி கிளம்பியது. வாடகை போக அந்த லோடில் அவருக்கு லாபம் எதுவும் நிற்கவில்லை.