கருகாவூரும் வெண்காடும்: பிள்ளைப்பேறு வேண்டிச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைப்பேறு வேண்டிக் காவிரிப் படுகைக்கு வருவோருக்குக் கோயில்கள் பல சொல்லப்பட்டாலும், அவற்றுள் முதலில் செல்லத்தக்கது தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசத்தை அடுத்து, வெட்டாற்றின் கரையில் அமைந்துள்ள திருக்கருகாவூரே ஆகும். சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்தில் இறைவன் முல்லைவனநாதர் எனவும், இறைவி கருவைக் காப்பவள் என்னும் பொருளில் கர்ப்பரட்சாம்பிகை எனவும் வழங்கப்படுகின்றனர். லிங்கத் திருமேனி புற்றுமண்ணால் ஆனதாகலின், அதற்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை; புனுகு என்னும் நறுமணப் பொருளைச் சாத்துவதே வழக்கம்.

நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருந்தபோது, கணவர் இல்லாத வேளையில் பிச்சை வேண்டி வந்த ஊர்த்துவபாத முனிவரைக் களைப்பு மிகுதியால் உடனே எழுந்து வரவேற்க இயலாமற்போக, அவர் இட்ட சாபத்தால் கரு சிதையத் தொடங்கிற்று என்றும், அம்பிகை அக்கருவை ஒரு குடத்தில் ஏற்றுக் காத்து நைதுருவன் என்னும் குழந்தையாகத் தந்தாள் என்றும், அக்குழந்தைக்காகக் காமதேனு சுரந்த பாலே கோயிலின் முன்னுள்ள பாற்குளம் ஆயிற்று என்றும் தலபுராணம் கூறுகிறது. இக்கதையில் அம்பிகை வேதிகையிடம் விளக்கம் கேட்கவில்லை, அவள்மீது தோஷம் சொல்லவுமில்லை. கருவைக் கையேந்தி வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவே. கருக்கலைந்த துயரத்தோடு, உறவினரின் கேள்விகளுக்கு அஞ்சி விசேஷ வீடுகளையே தவிர்த்துவிடும் பெண்களுக்கு இதனினும் பெரிய ஆறுதலைத் தமிழகத்தின் வேறெந்தத் தலபுராணமும் தருவதாகத் தெரியவில்லை.

மகப்பேறு வேண்டும் பெண்கள் அம்பிகை சந்நிதியின் படியை நெய்யால் மெழுகிக் கோலமிடுவது இங்குள்ள தலையாய வழிபாடு. சந்நிதியில் வைத்துத் தரப்படும் நெய்யை ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், கணவனும் மனைவியும் சிறிதளவு உண்டுவருவர். மாதக்கணக்கில் சோதனைகளுக்கும் ஊசிகளுக்கும் உடலை ஒப்புக்கொடுத்துக் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதவளாய் இருந்த பெண், இங்கே குனிந்து தன் கையாலேயே படியை மெழுகிக் கோலம் போடுகிறாள். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இத்தலத்திற்கு எத்தனை தொலைவிலிருந்தும் வரலாம். கருவுற்றோருக்குச் சுகப்பிரசவம் வேண்டித் தரப்படும் விளக்கெண்ணெய் வயிற்றில் தடவுவதற்குரியது, உட்கொள்வதற்கன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மகப்பேற்று மருத்துவரின் சிகிச்சையை நிறுத்திவிட்டு வருவது எவ்வகையிலும் தகாது. வழிபாடு அச்சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளும் வலிமையைத் தருவதற்கே.

வெள்ளிக்கிழமைகளிலும் முகூர்த்த நாள்களிலும் கூட்டம் நெருக்கும் என்பதால், வாரத்தின் நடுநாள் ஒன்றில் காலையிலேயே செல்வது நலம். ஒரே நாளில் பத்துக் கோயில்களைக் காட்டுவதாகச் சொல்லும் சுற்றுலா வேன்களைத் தவிர்த்துவிடலாம்.

பரிகாரத் தலங்களின் வாசலில் நிற்கும் தரகர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எச்சரிக்க வேண்டியுள்ளது. இப்பகுதியின் ஒரு தலத்தில், கார் நின்ற உடனேயே ஓடிவந்த ஒருவர், "எத்தனை வருஷமாச்சும்மா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஓர் இளம்பெண்ணிடம் வினவி, முகத்தைப் பார்த்தே நாகதோஷம் என்று முடிவுகட்டி, சிறப்புப் பூசைக்கு ஆயிரக்கணக்கில் விலையும் பேசத் தொடங்கினார்; அருகில் நின்ற மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்பெண் தலைகுனிந்து நின்றாள். வழிபட வந்தவளை வாசலிலேயே குற்றவாளியாக்குவதைப் போன்ற கொடுமை வேறில்லை. அத்தகையோரிடம் நின்று பதில் சொல்லவே கூடாது. நெய்யோ சீட்டோ கோயில் அலுவலகத்திலேயே வாங்க வேண்டும். கேள்வி வந்தால் கணவனே முன்வந்து பேசுவது முறை.

அடுத்த தலம் சீர்காழிக்குத் தென்கிழக்கேயுள்ள திருவெண்காடு. புதன் தலம் என்றே இன்று பலரும் இதனை அறிந்திருப்பினும், சைவ சித்தாந்த வரலாற்றில் இதற்குரிய இடம் அதனினும் பெரிது. 13ஆம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுதகளப்பாளர், பிள்ளையில்லாக் குறையைத் தம் குரு சகலாகம பண்டிதரிடம் கூற, அவர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்த்தார். அதாவது கயிற்றை ஏட்டினுள் செலுத்தி, அது காட்டும் பாடலை இறைவாக்காகக் கொண்டார். இத்தலத்து முக்குளத்தில் நீராடுவோருக்குப் பிள்ளைப்பேறு கிட்டும் என்னும் சம்பந்தர் பாடல் வந்தது. தம்பதியர் இங்கு வந்து நீராடி வழிபட, இப்பிறவியில் மகப்பேறு இல்லை எனக் கனவில் இறைவன் கூறியபோதும், சம்பந்தரின் வாக்கை நம்பியே வந்ததாக அச்சுதகளப்பாளர் விடையிறுத்தார் என்பர். அவ்வாறு பிறந்த சுவேதவனப்பெருமாளே பின்னர் மெய்கண்டாராகிச் சிவஞானபோதத்தை அருளினார். கயிறு சாத்திய குருவோ அவருக்கே மாணவராகி, அருணந்தி சிவாசாரியார் என்னும் பெயரில் சிவஞான சித்தியாரை இயற்றினார். இல்லை என்ற சொல்லைக் கேட்ட பிறகும் நம்பிக்கையை விடாத அத்தம்பதியரின் நினைவோடு, முக்குளம் எனப்படும் அக்கினி, சூரிய, சந்திர தீர்த்தங்கள் மூன்றிலும் நீராடுவதே இங்கு வருவதன் பயன். நவக்கிரகச் சுற்றுலாவினரோடு சேர்ந்து அரைமணியில் ஓடிவிடுவோருக்கு அது கிட்டாது.

கருகாவூருக்குத் தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு. ரயிலில் வருவோர் பாபநாசத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் வேறு. வெண்காட்டிற்குச் சீர்காழியிலிருந்து பேருந்து கிடைக்கும். நண்பகலில் நடை சாத்தப்படுமாகையால், இரண்டையும் ஒரே நாளில் முடிக்க எண்ணாமல் கும்பகோணத்தில் ஓர் இரவு தங்குவதே உகந்தது. சிகிச்சையில் இருப்போர் பயண நாளை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.