எக்செல் தாள் பேரேடு ஆகுமா?

மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் நம்மில் பலர் சிட்டையை விட்டு எக்செல்லுக்கு வந்துவிட்டோம். கூட்டல் வேலை குறைந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தாள் சொன்னதைச் செய்யுமே தவிர, சொன்னது தவறு என்று எடுத்துச் சொல்லாது. நம் பழைய கணக்குப்பிள்ளைகள் சொல்வார்கள்.

பாக்கிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பெயர், ஊர் ஒரு பக்கம், பார்வைக்காக நடுவில் ஒரு காலிப் பத்தி, அப்பால் தொகை. கடைப் பையன் பெயர்களை அகர வரிசைப்படுத்துகிறான். காலிப் பத்தியோடு பட்டியல் முடிந்தது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். பெயர்கள் இடம் மாறும். தொகைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மொத்தம் மட்டும் ஒரு பைசா மாறாது! அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. நாலாயிரம் பாக்கிக்காரரிடம் பதினாலாயிரம் கேட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பதினாலாயிரத்துக்காரரோ வாயைத் திறக்கமாட்டார். ஆகவே பட்டியலுக்குள் காலிப் பத்தி கூடாது. தொகைக் கட்டத்தில் '1250 ரூ' என்று எழுதுவதும் கூடாது. அதை எழுத்தாகக் கருதி கூட்டலில் விட்டுவிடும்.

அடுத்தது எச்.எஸ்.என். எண். பருப்பு வகைக்கு 0713, மிளகுக்கும் வற்றலுக்கும் 0904, மஞ்சளுக்கு 0910. பில் போடும் மென்பொருளிலிருந்து எடுத்த சி.எஸ்.வி. கோப்பை அப்படியே எக்செல்லில் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 713, 904, 910 என்று நிற்கும். 13 இலக்க பார்கோடு 8.90123E+12 என்று சுருங்கும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். கோப்பை உள்ளே கொண்டுவரும்போதே அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட வேண்டும்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவில் ஏற்றியது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை விடுபட்டதில் 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை. ஆக்சஸ் கோப்புக்கும் 2 ஜி.பி. எல்லை உண்டு. இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே ஆக்சஸ் கோப்பில் பதியும்போது மின்சாரம் போனால் கோப்பே கெட்டுப்போகலாம்.

ஜி.எஸ்.டி. சட்டத்தையும் பார்ப்போம். விதி 56(8)-இன்படி கணக்குப் பதிவை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. கம்ப்யூட்டரில் வைத்தால் திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் இருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கவும் வேண்டும். சாதாரண எக்செல் தாளில் நேற்றைய தொகையின் மேல் இன்றைய தொகையை அடித்தால், அதிகாரி கேட்கும்போது காட்ட ஒன்றும் இராது. கொள்முதல், விற்பனை, வரி மூன்றையும் திருத்தத் தடம் வைக்கும் கணக்கு மென்பொருளுக்கு மாற்றிவிட்டு, விலைப் பட்டியலுக்கும் லாபக் கணக்கு பார்ப்பதற்கும் எக்செல்லை வைத்துக்கொள்ளலாம்.

மாற்றும் வரை தினமும் கடை சாத்தும்போது அன்றைய தேதியிட்ட நகல் ஒன்றை பென் டிரைவில் எடுத்து வீட்டில் வைப்போம். மாதம் ஒருமுறை பாக்கிப் பட்டியலை அச்செடுத்து, பெரிய தொகைக்காரர்களிடம் நேரில் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவோம்.