ஞாயிறு மாலைச் சேமிப்பு: வாரம் முழுவதற்கும் பழக்கூழ்ப் பானம்

மும்பைப் புறநகரில், கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் காண்போம். காலை ஏழேகால் மணிக்கு மின்தொடர் வண்டியைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் குழந்தையின் பள்ளி வாகனம் வந்து நிற்கும். மூன்று மதிய உணவுப் பெட்டிகளைக் கட்டி முடிக்கும் அந்தத் தாய், ஒரு குவளைக் காப்பியோடு தம் காலை உணவை முடித்துக்கொள்கிறார். குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டிலோ, சனிக்கிழமை வாங்கிய பப்பாளி வியாழக்கிழமைக்குள் குழைந்து, குப்பைக் கூடைக்குப் போகிறது.

இக்குடும்பம் தில்லியிலோ பெங்களூரிலோ சென்னையிலோ இருந்தாலும் காட்சி பெரிதும் மாறாது. பழம் வாங்குவதற்குப் பணமும் அக்கறையும் இருக்கின்றன. அதைக் கழுவித் தோல் சீவி நறுக்குவதற்குக் காலையில் பத்து நிமிடம்தான் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை வார இறுதியிலேயே சேமித்து வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக எடுத்துச் செலவிடும் முறையையே இக்கட்டுரை விளக்குகிறது.

பழச்சாறு வேறு, பழக்கூழ் வேறு

‘ஸ்மூத்தி’ என்று இன்று கடைகளில் வழங்கும் பானம் நமக்கு முற்றிலும் புதியதன்று. பஞ்சாபின் லஸ்ஸியும், குஜராத், மகாராஷ்டிர வீடுகளின் ஆம்ரஸ் என்னும் மாம்பழக் கூழும் அதன் நெருங்கிய உறவினர்களே. பழத்தைப் பிழிந்து சக்கையை நீக்கினால் கிடைப்பது சாறு. சக்கையோடு சேர்த்து அரைத்து, தயிர், பால், இளநீர் ஆகியவற்றுள் ஒன்றைக் கலந்தால் கிடைப்பது பழக்கூழ்ப் பானம். நார்ச்சத்து முழுவதும் பானத்திலேயே தங்குவது இதன் சிறப்பு.

ஆனால், அளவு முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 100 கிராம் பழமும், 400 கிராம் காய்கறியும், 300 மில்லிலிட்டர் பால் அல்லது தயிரும் பரிந்துரைக்கிறது. ஆகவே, ஒருவருக்கு 100 கிராம் பழம், 100 மில்லிலிட்டர் பால் அல்லது தயிர், தேவைக்கேற்பச் சிறிது தண்ணீர் என்று கணக்கிட்டால், அன்றைய பழத்தின் அளவு முழுவதும், பாலின் மூன்றில் ஒரு பங்கும் ஒரு குவளையிலேயே நிறைவேறிவிடும். மென்று தின்றால் ஒரு பழத்தோடு நிறுத்திக்கொள்பவர்கூட, கூழாக்கினால் மூன்று பழங்களை எளிதில் பருகிவிடுவார். எனவே, கண்ணளவை நம்பாமல் தொடக்கத்தில் சில நாள்களாவது எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை. நன்கு பழுத்த வாழையோ சப்போட்டாவோ போதிய இனிப்பைத் தரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் கூடாது.

குளிர் என்ன செய்கிறது?

முன்கூட்டியே ஆயத்தம் செய்பவர் இரண்டு உண்மைகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உறைகுளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. உறைந்த பழம் இளகியதும் அவை மீண்டும் பெருகத் தொடங்கும். ஆகவே, அழுக்குடன் உறைய வைத்த பழம் அழுக்குடனேயே வெளிவரும். கழுவுவதும், கையையும் கத்தியையும் பலகையையும் தூய்மையாக வைத்துக்கொள்வதும் உறைய வைப்பதற்கு முன்பே நிகழவேண்டியவை. இறைச்சியும் மீனும் நறுக்கும் பலகையைப் பழத்திற்குப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, நறுக்கிய பழத்தில் நொதிகள் தொடர்ந்து வேலை செய்கின்றன. வெட்டிய ஆப்பிளும் வாழையும் கறுப்பது இதனால்தான். சிறிது எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் இந்நிறமாற்றம் தாமதமாகும். கீரையாயின், கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, உடனே பனிநீரில் இட்டு ஆறவைத்தால் நொதிகள் செயலிழக்கும். நிறமும் மணமும் நிலைக்கும்.

உறைபெட்டியின் குளிர்நிலையையும் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் சேமிப்பிற்கு மைனஸ் 18 பாகை செல்சியஸ் தேவை. சில குளிர்பதனப் பெட்டிகளின் உறையறைக் கதவில் சிறு விண்மீன் குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு விண்மீன் மைனஸ் 6 பாகையையும், இரண்டு மைனஸ் 12 பாகையையும், மூன்று மைனஸ் 18 பாகையையும் குறிக்கும். மின்சிக்கனத்தைக் காட்டுவதற்காக வெளியே ஒட்டப்படும் நட்சத்திர முத்திரை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. குளிர்நிலை தெரியாத பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியாயின், ஆயத்தம் செய்ததை அவ்வாரத்திற்குள்ளேயே தீர்த்துவிடுவது பாதுகாப்பானது.

பழம் தேர்ந்தெடுத்தல்

வாழை, மா, பப்பாளி ஆகிய மூன்றின் விளைச்சலிலும் உலகில் முதலிடம் வகிப்பது நம் நாடு. பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பழத்தையே வாங்குவது சிக்கனமும் சுவையும் ஆகும். கோடையில் மாம்பழம், மழைக்காலத் தொடக்கத்தில் நாவல், குளிர்காலத்தில் கொய்யாவும் நெல்லியும், ஆண்டு முழுவதும் வாழையும் பப்பாளியும் என்று வகுத்துக்கொள்ளலாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் ‘சி’ உண்டு என்பதால், தொலைதூர நாடுகளிலிருந்து வரும் விலையுயர்ந்த பழங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை விதிகள் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவைக் குறித்த அளவுக்குள் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. மேலே வெண்பொடி படிந்த பழங்களைத் தவிர்க்க வேண்டும். வீதியில் நறுக்கி விற்கும் பழத்தை வாங்கி உறைய வைப்பதும் கூடாது.

ஞாயிறு மாலை: ஒரு மணி நேரப் பணி

1. பழங்களை ஓடும் குடிநீரில் தேய்த்துக் கழுவுக. சோப்பு வேண்டா. தோலை நீக்கப் போகும் பழத்தையும் கழுவ வேண்டும். இல்லையெனில் தோலின் அழுக்கைக் கத்தி சதைக்குள் கொண்டுசெல்லும்.

2. ஈரம் போகத் துடைத்து, தோலும் கொட்டையும் நீக்கி, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்குக. கொய்யாவாயின் விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டுச் சதையை மட்டும் எடுத்துக்கொள்க.

3. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் எவர்சில்வர் தட்டில் பரப்பி, மூடி, இரண்டு மூன்று மணி நேரம் உறைய வைக்க. நேரடியாகப் பையிலிட்டால் அனைத்தும் ஒரே பாறையாகிவிடும்.

4. உறைந்த துண்டுகளை ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து, உணவுத் தரமுள்ள பைகளிலோ மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களிலோ அடைக்க. பையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றுக. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும். ஆகவே, கூழாக வைப்பவர் டப்பாவின் மேற்பகுதியில் இடம் விட வேண்டும். கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பினால் அது விரிசல் விடும்.

5. பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுக. முதலில் வைத்ததை முதலில் எடுத்தல் என்னும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க இக்குறிப்பே துணை.

இதே வேளையில் சத்துக்கூட்டுகளையும் ஆயத்தம் செய்யலாம். கேழ்வரகு மாவைப் பச்சையாகச் சேர்க்காமல் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, பனிக்கட்டித் தட்டின் குழிகளில் ஊற்றி உறைய வைக்கலாம். வதக்காத கீரையை மேற்கூறியவாறு வெந்நீரில் அமிழ்த்தி, அரைத்து, அவ்வாறே கட்டிகளாக்கலாம். புரதத்திற்கு வறுத்த கடலை மாவு சிறந்தது; பிகாரில் ‘சத்து’ என்ற பெயரில் உழைப்பாளர்கள் கரைத்துக் குடிப்பது இம்மாவையே. நம் வீட்டுப் பொட்டுக்கடலையைப் பொடித்தாலும் அதே பயன் கிட்டும். பொடித்த ஆளி விதை விரைவில் சிக்கு வாடை அடையுமாதலால், சிறிதளவே பொடித்துக் குளிரில் வைக்க வேண்டும்.

நால்வர்க்கான மூன்று கலவைகள்

முதற் கலவை: வாழைத் துண்டுகள் 200 கிராம், சப்போட்டா 200 கிராம், கேழ்வரகுக் கஞ்சிக் கட்டி நான்கு. காலையில் சேர்க்க வேண்டியது காய்ச்சி ஆறிய பால் 400 மில்லிலிட்டர்.

இரண்டாம் கலவை: மாம்பழம் 400 கிராம், கடலை மாவு நான்கு தேக்கரண்டி. காலையில் தயிர் 400 மில்லிலிட்டரும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியும்.

மூன்றாம் கலவை: கொய்யா 250 கிராம், அன்னாசி 150 கிராம், கீரைக் கட்டி நான்கு, ஒரு துண்டு இஞ்சி. காலையில் இளநீர் அல்லது தண்ணீர் 400 மில்லிலிட்டர்.

மூன்றாவதில் பால் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. பச்சை அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்னும் நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். உறைகுளிரால் அது அழிவதில்லை. பால் கட்டாயம் வேண்டுமென்போர் அன்னாசியைச் சற்று வேகவைத்து உறைய வைக்கலாம்.

காலையில் ஐந்து நிமிடம்

உறைந்த துண்டுகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்து, மிக்ஸியில் முதலில் திரவத்தையும் பின்னர் பழத்தையும் இட்டு, விட்டு விட்டு அரைக்க வேண்டும். கல்போன்ற துண்டுகளை உடனே அரைத்தால் கத்தியும் இயந்திரமும் பழுதாகும். பாலையும் தயிரையும் முன்கூட்டியே பையில் கலந்து வைக்காமல், காலையிலேயே சேர்க்க வேண்டும்.

அரைத்த பானத்தை வீட்டிலேயே பருகிவிடுவது நன்று. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேலும், வெயில் 32 பாகையைக் கடக்கும் நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் அது நிற்கலாகாது. எனவே, குழந்தையின் புட்டியில் நிரப்பி மதிய இடைவேளைக்கு அனுப்புவது தவறு.

மின்தடையும் ஒரு நாணயமும்

நிறைந்த உறைபெட்டியைத் திறக்காமல் வைத்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்ததாயின் 24 மணி நேரமும் குளிர் தங்கும். ஊருக்குச் சென்று திரும்பும்போது, இடையில் மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சிறு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பழம் பாதுகாப்பாக உள்ளது. நாணயம் பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால், உள்ளிருந்தவை இளகி மீண்டும் உறைந்துள்ளன என்று பொருள். அப்போது பழத்தின் விலையை எண்ணாமல் அதைக் களைந்துவிட வேண்டும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

ஒரே பானம் வீட்டிலுள்ள அனைவர்க்கும் ஏற்றதாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மா, வாழை, சப்போட்டாக் கலவைகள் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தக்கூடும். பழத்தைக் கூழாக்காமல் துண்டுகளாக மென்று தின்பதே அவர்களுக்குப் பெரும்பாலும் நலம். சிறுநீரகக் குறைபாடுள்ளோர்க்கு வாழையிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் தீங்கு பயக்கலாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டக் கூடாது. இவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். பாட்டிக்கு அன்போடு நீட்டும் குவளை அவருக்கு ஊறு செய்யலாகாதன்றோ?

வரவு செலவு

வாரந்தோறும் 80 ரூபாய் மதிப்புள்ள பழம் அழுகி வீணாவதாகக் கொள்வோம். ஓராண்டிற்கு 52 வாரங்கள். இழப்பு 4,160 ரூபாய். மாதக் கணக்கில் ஏறத்தாழ 350 ரூபாய். ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கை நடத்துவதற்கு அத்தொகை போதும்.

ஆயினும், பணத்தினும் பெரிய வரவு ஒன்று உண்டு. நறுக்குவது ஒருவர், கழுவுவது மற்றொருவர், பெயரெழுதி ஒட்டுவது குழந்தை என்று ஞாயிறு மாலைப் பணியைக் குடும்பமே பகிர்ந்துகொண்டால், அது ஒருவர் தலைமேல் ஏறும் புதிய சுமையாகாது. அனைவர்க்கும் ஊற்றிய பின் தமக்கு மிஞ்சாமல் போகும் அந்தத் தாய்க்கும் திங்கட்கிழமைக் காலையில் ஒரு குவளை நிறைவாக இருக்கும். முதல் வாரத்தில் இரண்டே பைகளோடு தொடங்கிப் பாருங்கள். உங்கள் வீட்டார் விரும்பிய கலவை எது, மிஞ்சியது எது என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறன்று அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.