நீயே கழுவக்கூடிய ஃபிலிம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள சின்னவனுக்கு,

பெரியப்பா எழுதுவது. யாஷிகா கேமராவுக்கு எந்த ஃபிலிம் போடலாம், ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நிற்பாள், பேச்சு கம்பெனி வேலைக்குப் போய்விடும். அதனால்தான் கடிதம். வேலையை விட்டதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

போன மாதம் வந்தபோது உன் பையைப் பார்த்தேன். போர்ட்ரா இரண்டு, எக்டார் ஒன்று, வெல்வியா ஒன்று, கோடக் கோல்டு ஒன்று. ஐந்து ரோல், நான்கு வகை. கலர் ரோல் இன்று ஆயிரத்துக்கு மேல் விற்கிறது. கழுவவும் ஸ்கேன் செய்யவும் தனிக் காசு. ரோலுக்குப் பன்னிரண்டே படம். பி.எஃப். பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டாயா? ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு ஃபிலிம் மாற்றினால் எந்த ஃபிலிமையும் நீ தெரிந்துகொள்ள மாட்டாய். தாத்தா நாற்பது வருஷம் ஒரே குழித்தறியில் உட்கார்ந்தவர். மிதியில் கால் வைத்ததுமே பாவு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எல்லாம் நல்ல ஃபிலிம்தான், நான் மறுக்கவில்லை. வெல்வியாவின் பச்சையும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஸ்லைடு ஃபிலிமுக்கு அரை ஸ்டாப் தவறினாலும் படம் போச்சு. கைலாசநாதர் கோயிலில் பகல் பதினொரு மணிக்கு நின்று பார். மணற்கல் வெயிலில் வெளுத்துக் கிடக்கும், சுற்றாலைச் சிறுகோயில்களுக்குள் இருட்டு. இரண்டையும் அதில் பிடிக்க முடியாது. எக்டாரின் வேகம் நூறுதான். தறி வீட்டில் ஒரு டியூப்லைட்தான். எஃப் 3.5 முழுக்கத் திறந்தாலும் எட்டில் ஒரு நொடி வேண்டும், நாடா எறிகிற கை கரைந்துவிடும். நானூறு போட்டால் முப்பதில் ஒரு நொடிக்கு எடுக்கலாம். அப்படியானால் மிச்சம் போர்ட்ரா 400, இல்லையென்றால் கருப்பு வெள்ளை எச்பி5 பிளஸ். தேர்வு உன்னுடையது.

பட்டை எடுக்கக் கலர்தானே வேண்டும் என்பாய். புடவைக்கு வேண்டும், கடைக்காரர் விளம்பரத்துக்கு அப்படித்தான் எடுப்பார். நீ எடுக்கப்போவது கையை. உடலையும் கரையையும் சேர்த்து நெய்கிற கோர்வைக்கு மூன்று நாடா. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா எறிய ஒரு பிள்ளை வேண்டும், உன் அப்பா எட்டு வயதில் செய்த வேலை அது. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு ஜரிகையின் மஞ்சள் எதற்கு? ஒன்றில் மட்டும் கவனமாக இரு. அரக்கு உடலும் பச்சைக் கரையும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும், கோர்வை எங்கே சேர்ந்தது என்றே தெரியாது. என்னிடம் மஞ்சள்பச்சை ஃபில்டர் இருக்கிறது. அதைப் போட்டால் அரக்கு இருண்டு பச்சை வெளுக்கும். இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிக்கும் என்பதால் தறி வீட்டுக்குள் ஆகாது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது போடு.

1979 விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறேன். அத்தி வரதர் குளத்திலிருந்து வெளியே வந்திருந்தார். சின்னக் காஞ்சிபுரம் வரிசையில் ஆயா நிற்கிறாள், தாத்தா நெய்த அரக்குப் புடவையில். என்னிடம் எப்படியோ கிடைத்த இரண்டு கலர் ரோல், உதகமண்டலத்து 'இந்து' கருப்பு வெள்ளை ஒன்று. கலரை மெட்ராஸில் ஒரு லேபில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து உறையைப் பிரித்தால் யாரோ வீட்டுக் கல்யாணம். எட்டு முறை பஸ் ஏறிப் போனேன். என் ரோல் கிடைக்கவேயில்லை. 'இந்து'வைப் பின்கட்டில் போர்வை தொங்கவிட்டு நானே கழுவினேன். கூடத்தில் மாட்டியிருப்பது அதிலிருந்து போட்டதுதான். அந்தப் புடவையின் கரை மாம்பழ நிறம் என்பான் உன் அப்பா, கிளிப்பச்சை என்பேன் நான். படத்தில் அது சாம்பல். கலர் ரோலையும் நானே கழுவ முடிந்திருந்தால் எங்களுக்குள் இந்தச் சண்டையே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், உன் கையால் கழுவ முடிகிற ஃபிலிமை எடு. சி-41 கலர் ஃபிலிமையும் வீட்டில் கழுவலாம் என்கிறாய். 37.8 டிகிரி, டெவலப்பரில் மூன்றேகால் நிமிஷம், சூடு கொஞ்சம் நகர்ந்தாலும் நிறம் சாய்ந்துவிடும். கருப்பு வெள்ளைக்கான டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி. சித்திரையில் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். லேபையே நம்பியிருந்த கோடாக்ரோம் கலர் ஃபிலிம் என்ன ஆயிற்று? அமெரிக்காவில் கன்சாஸில் அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப் 2010 டிசம்பரோடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. அதன்பின் அந்த ரோலை வைத்திருந்தவர்களுக்குக் கலரே கிடையாது. உதகையில் 'இந்து'வும் நின்றுவிட்டது, ஆனால் அதைக் கழுவிய அதே டி-76 எச்பி5-ஐயும் கழுவும்.

அத்தி வரதர் அடுத்து வருவது 2059இல். நான் இருக்கமாட்டேன். அன்றைக்கு உன் நெகட்டிவை எடுத்து யாராவது பிரிண்ட் போட வேண்டும். கலர் சாயம் வெளுத்துவிடும். ஒழுங்காகக் கழுவிய வெள்ளி நிற்கும்.

நிறைய எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போர்ட்ராவே போட்டாலும் எனக்குச் சம்மதம். உன் கண் என் கண்ணைவிட நல்ல கண், சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். முதல் ரோலை எடுத்ததும் நீ போனில் சிரித்த சிரிப்பை உன் பெரியம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பணம் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

ஞாயிற்றுக்கிழமை வா. எச்பி5 பத்து ரோல் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். இருட்டறைச் சாவி நிலைப்படிக்கு மேலேயே இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா