மடை திறக்குமுன்

மேலகரம்,
ஆனி 20

அன்புள்ள மருமகனுக்கு,

சாரல் நன்றாக இறங்கிவிட்டது. நேற்று பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டியதால் யாரையும் குளிக்க விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து உன் கடிதத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்தில் தனியார் ஜெட்களில் வேலை பழகுகிறாய். எரிபொருள் வரைபடம் இடியாப்பம் மாதிரி இருக்கிறது என்கிறாய். பிரித்துப் பார்ப்போம்.

இறக்கைக்குள் டேங்க் இருப்பதாக நினைக்காதே. இறக்கையேதான் டேங்க். மூட்டெல்லாம் சீலன்ட் பூசி அடைத்த அறைகள். பறக்கையில் இறக்கை மேலே வளையப் பார்க்கும். உள்ளிருக்கும் எரிபொருளின் எடை அதை அமுக்கிப் பிடிக்கும். அதனால் வயிற்றிலோ வாலிலோ கூடுதல் டேங்க் உள்ள பல ரகங்களில், அங்கிருப்பதை இறக்கைக்கு மாற்றித்தான் எரிப்பார்கள்.

அறைத் தடுப்புகளில் சின்னச் சின்ன ஒருவழிக் கதவுகள் உண்டு. நுனியிலிருந்து உடம்புப் பக்கம் வரவிடும், திரும்ப விடாது. விமானம் சாய்ந்தாலும் அடியிலுள்ள சேகரிப்பு அறை வற்றாது. அதை நிரப்புவது ஜெட் பம்ப். சுழலும் பாகம் ஒன்றுகூட அதில் கிடையாது. எஞ்சின் பம்ப் திருப்பி அனுப்பும் எரிபொருள் குறுகிய வாய் வழியே சீறும்போது, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துப் போகும். அருவியடியில் நின்றால் தண்ணீரோடு காற்றும் முகத்தில் அறையுமே, அந்த இழுப்புதான். எஞ்சின் நின்றால் இதற்கும் உயிர் இல்லை. ஸ்டார்ட் பண்ண மின்சார பூஸ்ட் பம்ப் வேண்டும்.

இனி கிராஸ்ஃபீட் வால்வு. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கத்து எரிபொருளைக் கொடுக்கும் வழி. உன் தாத்தாவைக் கேட்டிருந்தால் இதை எப்படித் தொடுவது என்று சொல்லியிருப்பார். குளத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கினால் அவர் மேல்குளத்து மடையைத் திறக்க ஓடமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கரை முழுக்க நடந்து நண்டு வளை தேடுவார். ஒருநாள் சுண்டுவிரல் அளவு வளை ஒன்றில் களிமண் திணித்து மிதித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட் ஏ330 ஒன்று டொரன்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போனது. பெரிய விமானம்தான், பாடம் உனக்கும் பொருந்தும். சில நாள் முன்பு எஞ்சின் மாற்றியவர்கள் பொருந்தாத ஹைட்ராலிக் குழாயைப் போட்டிருந்தார்கள். அது உரசி உரசி வலது எஞ்சினின் எரிபொருள் குழாய் கிழிந்தது. வலது பக்கம் குறைகிறதே என்று விமானிகள் கிராஸ்ஃபீடைத் திறந்தார்கள். இடது இறக்கையில் இருந்ததும் அதே ஓட்டை வழியாக அட்லாண்டிக்கில் போய்ச் சேர்ந்தது. இரண்டு எஞ்சினும் நின்று, சுமார் 19 நிமிடம் சறுக்கியே அசோர்ஸ் தீவில் இறங்கினார்கள். 306 பேரும் பிழைத்தார்கள். எல்லாரும் விமானிகளைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்தக் குழாயை மாட்டியவன் ஞாபகம்தான் வரும்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை உறையாமல் தாங்கும். அதிலுள்ள தண்ணீர் அதற்கு வெகு முன்னாலேயே ஐஸாகி வடிகட்டியை அடைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டேங்கின் அடிவடிகாலில் கண்ணாடிச் சீசாவில் சாம்பிள் பிடித்தேன். கோடே விழாமல் ஒரே தெளிவு. சுத்தம் என்று கையெழுத்துப் போடப் போனேன். மூத்த மெக்கானிக் ஒருவர் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். வாசனையே இல்லை. சீசா முழுக்கத் தண்ணீர்! எரிபொருள் ஒரு சொட்டு இருந்தால்தானே நடுவில் கோடு விழும்?

உன் விமானத்தில் கிராஸ்ஃபீட் வால்வு எங்கே இருக்கிறது, மின்சாரம் போனால் எந்த நிலையில் நிற்கும் என்று தேடிப் பார்த்து எழுது. சீசன் முடிவதற்குள் இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்.

அன்புடன்,
மாமா