தாத்தாவும் பாட்டியும் ஊர் காணப் புறப்பட்டால்

மாணவர்களே, பணி ஓய்வு பெற்ற ஒரு கணவனும் மனைவியும் தம் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வண்டியில் குடியேறுகின்றனர். அந்த வண்டியில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, கழிவறை ஆகிய அனைத்தும் உள்ளன. மாலையில் வண்டி எங்கே நிற்கின்றதோ அதுவே அன்றைக்கு அவர்களுடைய ஊர். அமெரிக்காவில் இத்தகைய வண்டியை ஆர்.வி. என்பர். நம் நாட்டில் கேரவன் என்ற பெயரே வழக்கில் உள்ளது. படப்பிடிப்பின்போது நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றால் உங்களுக்கு உடனே விளங்கும்.

அமெரிக்காவின் வடபகுதியில் பனிக்காலம் கடுமையானது. ஆதலால் ஆயிரக்கணக்கான முதியோர் தென்மேற்கிலுள்ள பாலைநிலத்தை நோக்கி இவ்வண்டிகளில் வருகின்றனர். வேடந்தாங்கலுக்கு வலசை வரும் பறவைகளைப் போல வருவதால், அவர்களை அந்நாட்டினர் பனிப்பறவைகள் என்றே அழைக்கின்றனர். அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சூழ்ந்துள்ள அரசு நிலத்தில் பல இடங்களில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். பின்னர் இடம் மாற வேண்டும். நீண்ட நாள் தங்குவதற்கெனத் தனித் திடல்களும் உண்டு. அங்கே கட்டணம் செலுத்திச் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம்.

நம் இலக்கியத்தில் பாலைத்திணைக்கு உரிய பொருள் பிரிவு என்று படித்திருக்கிறீர்கள். தலைவனும் தலைவியும் ஊரைவிட்டுச் சேர்ந்து செல்லும் உடன்போக்கும் அப்பாலை வழியேதான் நிகழும். எழுபது வயதில் இருவர் சேர்ந்து பாலையைக் கடப்பதையும் உடன்போக்கு என்று சொன்னால் புலவர்கள் என்னிடம் சினம் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இம்முதியோர் விரும்பிக் காணும் இடங்களுள் பழைய சுரங்க ஊர்களும் அடங்கும். அரிசோனாவில் பிஸ்பீ என்னும் ஊரில் செம்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. 1975ஆம் ஆண்டு அங்கே சுரங்கத்தொழில் நின்றது. மறு ஆண்டே அச்சுரங்கம் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, சிறு இரயிலில் அமர்ந்து மலையின் உள்ளே செல்லலாம். வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டவர்கள் அதே சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற தொழிலாளர்கள்! துளையிடும் கருவியை எப்படிப் பிடிப்பது, வெடி எப்படி வைப்பது என்பவற்றை அவர்கள் தம் வாயாலேயே விளக்கினர்.

இதைப் படிக்கும்போது உங்கள் மனம் எங்கே செல்லும் என்பது எனக்குத் தெரியும். நம் தங்கவயலிலும் செடிகொடிகள் சரியாக முளைக்காத வெண்ணிற சயனைடு மேடுகள் ஒரு சிறு பாலைநிலம்போல் நிற்கின்றன. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்கே சுரங்கப்பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து உங்கள் முன்னோர் இங்கு வந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

உங்கள் தாத்தாக்கள் பயணமே செய்யாதவர்கள் அல்லர். நாள்தோறும் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, மீண்டும் மேலே வந்தனர். முப்பது ஆண்டு வேலை செய்தவர் கடந்த தொலைவைக் கூட்டினால் பல ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். ஆனால் அப்பயணத்தில் காண்பதற்கு ஓர் ஊரும் இல்லை. பாட்டிமார்களுக்கோ அந்தப் பயணமும் வாய்க்கவில்லை. சங்கு ஊதும் நேரத்தை அறிந்து சமைத்தனர். கூண்டு மேலே வரும்வரை காத்திருந்தனர். இப்போது மகனும் மகளும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பேரக்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையும் பாட்டியையே சேர்கின்றது.

“வீட்டு வண்டி வாங்க நம்மிடம் பணம் ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாகக் கொச்சியில் வாழ்ந்த ஒரு தம்பதியரைச் சொல்கிறேன்.

கே. ஆர். விஜயன், மோகனா என்போர் கொச்சி கடவந்தறையில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறிய தேநீர்க்கடையை நடத்தினர். நாள்தோறும் ஏறத்தாழ 300 ரூபாயைப் பயணத்துக்கென ஒதுக்கினர். போதாததற்கு வங்கியில் கடன் பெற்று வெளிநாட்டுக்குச் சென்றனர். திரும்பி வந்து, தேநீர் விற்றுக் கடனை அடைத்தனர். அடைத்து முடித்ததும் அடுத்த நாட்டுக்குப் புறப்பட்டனர். 2007இல் தொடங்கிய வெளிநாட்டுப் பயணம் 26 நாடுகள்வரை நீண்டது. 2021 அக்டோபரில் இருவரும் இரஷ்யா சென்று வந்தனர். அடுத்த மாதம், நவம்பர் 19ஆம் நாள், விஜயன் காலமானார். கடைசிவரை அவர்கள் ஓய்வு பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பயணம் முடிந்ததும் கடை மீண்டும் திறக்கப்பட்டது.

கடன் வாங்கிப் பயணம் செய்யுமாறு எல்லார்க்கும் சொல்ல நான் துணியமாட்டேன். எனினும் நகைக்கும் விருந்துக்கும் வாங்கும் கடனை ஊரார் குறை கூறாமல், உலகம் காண வாங்கிய கடனை மட்டும் குறை கூறுவது எனக்கு வியப்பாகவே உள்ளது.

நம்மவர்க்கு அயல்நாடு வேண்டாம்; இரயிலே போதும். இந்திய இரயில்வேயில் சுற்றுப்பயணச் சீட்டு என்ற ஒன்று உண்டு. புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பி வரும் பயணத்திற்கு இது வழங்கப்படுகின்றது. வழியில் எட்டு இடங்கள்வரை இறங்கித் தங்கலாம். மொத்தத் தொலைவை இரண்டாகப் பகுத்து, இரு நீண்ட பயணங்களாகக் கணக்கிடுவதால், ஊர்தோறும் தனிச்சீட்டு வாங்குவதைவிடக் கட்டணம் குறையும். செல்லும் வழியை எழுதிக் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு அது பெங்களூருக் கோட்டம். பின்னர் ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். முதியோர்க்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது வருத்தத்திற்குரியது. ஆனால் 60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு.

ஒரு வழியைச் சொல்கிறேன். நிலப்படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பங்காரப்பேட்டையில் தொடங்கி ஜோலார்பேட்டை, சென்னை, தஞ்சாவூர், இராமேசுவரம், மதுரை, கன்னியாகுமரி, எர்ணாகுளம், கோயம்புத்தூர், சேலம், தருமபுரி, ஓசூர், பெங்களூர் வழியாக மீண்டும் பங்காரப்பேட்டை. வேளாங்கண்ணி செல்ல விரும்புவோர் தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் சென்று வரலாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் இரயில் கடல்மேல் செல்லும். கப்பல் வரும்போது அப்பாலத்தின் நடுப்பகுதி நேராக மேலே எழும்பும். எர்ணாகுளத்தில் இறங்கினால் கடவந்தறை அருகிலேயே உள்ளது.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாறைத்தூசு நுரையீரலில் படிந்த முதியவர்கள் இவ்வூரில் பலர். அவர்கள் மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய படிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகின்றது. ஆகவே எங்கே படி குறைவு, எங்கே மாற்று வழி உண்டு என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். பழனி மலைக்கு இழுவை இரயிலும் ரோப்காரும் உள்ளன. கைப்பேசியில் இவற்றைத் தேடவும் முன்பதிவு செய்யவும் உங்களால் இயலும். உங்கள் தாத்தாவுக்குக் கடினம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு முதியோரிடம், “வாழ்நாளில் காண விரும்பியும் காணாத ஊர் எது?” என்று கேளுங்கள். பாட்டியைத் தனியாகக் கேளுங்கள். தாத்தா அருகில் இருந்தால் அவர் விடையையே பாட்டியும் கூறக்கூடும். இரு விடைகளையும் அவர்கள் சொற்களிலேயே எழுதுக.

2. அவ்வூர்களை இணைத்து, மாரிக்குப்பத்தில் தொடங்கி மாரிக்குப்பத்தில் முடியும் வழியொன்றை வரைக. ஒவ்வோரிடத்திலும் ஏற வேண்டிய படிகள், தங்குமிடம், மருந்து வாங்கும் வசதி ஆகியவற்றைக் குறிப்பிடுக.

3. நாளொன்றுக்கு 20 ரூபாய் சேர்த்தால் அப்பயணத்திற்கு எத்தனை மாதம் ஆகும்? கணக்கிட்டு, விடையை வீட்டில் படித்துக் காட்டுக.