மண்ணெண்ணெயின் முழு விலை

மண்சரிவுக்குப் பின் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த குடும்பங்களோடு ஒரு மாலை அமர்ந்திருந்தோம். மழையில் விறகு நனைந்து கிடந்தது. ஒரு தாய் அதன்மேல் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி அடுப்பை மூட்டினார். உலகம் சூடேறி வருவதைப் பற்றியும், அதற்கு எண்ணெய்ப் புகை காரணமாவதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார்: "சாமி, எங்ககிட்ட காரும் இல்ல, மோட்டார் சைக்கிளும் இல்ல. அடுப்பு மூட்ட ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்குறோம், அவ்வளவுதான். மலை சரிஞ்சதுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?"

அன்று நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. அந்தக் கேள்வியையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். கடையில் கொடுக்கும் காசு எண்ணெயின் விலையில் ஒரு பகுதி மட்டுமே. மீதியை யார் கொடுக்கிறார்கள்?

1. நாம் எரிப்பது எது?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மண்ணுக்குள் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் எண்ணெயாகவும் இயற்கை எரிவாயுவாகவும் மாறின. அந்த மசகு எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தே பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை எடுக்கிறார்கள். நமது நாட்டில் இந்த வேலையைச் செய்யும் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியது. ஆனால் அங்கு வரும் மசகு எண்ணெய் முழுவதும் கப்பலில் வருவதே. மன்னார்க் கடலில் 2011இல் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை.

சமையலறையில் இருக்கும் சிலிண்டரில் உள்ளது இயற்கை எரிவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. அது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கியது. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெதேன். அது காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலெழும். சிலிண்டர் வாயுவோ காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தங்கும். லயக் காம்பரா போன்ற சிறிய அறைகளில் இதை மறக்கக் கூடாது. வாடை வந்தால் தீக்குச்சி உரசாமல், சுவிட்சைத் தொடாமல், சிலிண்டரை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்ததை நாம் அறிவோம்.

2. கொழுந்தால் கட்டும் கடன்

எண்ணெய் வாங்க டொலர் வேண்டும். அந்த டொலரைத் தேடித் தருவதில் தேயிலைக்குப் பெரும் பங்கு உண்டு. இதை நேரடியாகவே காட்டும் ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. 2012இல் ஈரானிடமிருந்து வாங்கிய எண்ணெய்க்கு ஏறக்குறைய 25 கோடி டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. ஈரான்மீது விதிக்கப்பட்ட தடைகளால் அதைச் செலுத்த முடியவில்லை. எனவே 2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பது என்பதே அது. 2023இல் தேயிலை போகத் தொடங்கியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் தவறாமல் அனுப்பினாலும் 50 மாதங்கள், அதாவது நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முன்னொரு காலத்தில் எரித்து முடித்த எண்ணெய்க்காக இத்தனை மாதக் கொழுந்து!

எண்ணெய் விலை ஏறும்போதும் முதலில் அடிபடுவது ஏழையின் வீடே. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. அடுப்பு மூட்டுவோரையும், மண்ணெண்ணெய் மோட்டரால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்போரையும், கடலுக்குப் போகும் மீனவரையும் அது ஒரே அடியாக அடித்தது.

3. உர மூட்டைக்குள் எரிவாயு

வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்தவர்களுக்கு யூரியாவைத் தெரியாமல் இராது. ஆனால் யூரியா எதனால் ஆனது? காற்றிலுள்ள நைதரசனையும், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஐதரசனையும் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் சேர்த்து முதலில் அமோனியா செய்கிறார்கள். அதிலிருந்து யூரியா வருகிறது. ஆகவே யூரியா மூட்டையைத் தூக்கும்போது நாம் எரிவாயுவையே தூக்குகிறோம் என்று சொல்லலாம்.

2021, 2022ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியபோது யூரியா விலையும் கூடவே ஏறியது. அதே 2021இல் நமது நாட்டில் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் விளைச்சல் இழந்தவர்கள் விவசாயிகளே. அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியாவும் வீணாகிறது. ஒரு பகுதி மழையோடு கிணற்றுக்கும் ஓடைக்கும் போகிறது. இன்னொரு பகுதி பூமியைச் சூடாக்கும் வாயுவாக மேலே போகிறது.

4. கிணற்றில் படிந்த எண்ணெய்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. அங்குள்ள சுண்ணாம்புக் கல் நிலத்தில் கழிவு எளிதாக இறங்கிவிடும். முற்றத்தில் கிணறு இருந்தும் மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரலாம், பணமும் வரலாம். கெட்ட நிலத்தடி நீர் அவ்வளவு விரைவில் திரும்பி வருவதில்லை. உழவு இயந்திரத்தின் பழைய எண்ணெயைக் கானில் ஊற்றும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்வோம்.

5. மழைக்கும் எண்ணெய்க்கும் உள்ள தொடர்பு

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது. அது பூமியின்மேல் கம்பளி போலப் படர்ந்து வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இயந்திரங்கள் பெருகுவதற்கு முன், பத்து இலட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 280 பங்கு இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. எரியாமல் கசியும் மெதேன் இதைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும்.

காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அது ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒரே நாளில் இறக்கினால் கனமழை. மழை நீர் சரிவான மண்ணுக்குள் நிறைந்தால் மண்ணின் பிடிப்புத் தளர்கிறது.

ஆனால் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததற்கு எண்ணெய்ப் புகையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே இருந்தார்கள். செங்குத்தான சரிவு, பராமரிக்காத கான்கள், போக வேறு காணி இல்லாமை ஆகியவையும் சேர்ந்தே மலை மக்களைக் கொல்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை பதுளை உட்பட மலை மாவட்டங்களில் செய்த அழிவை நாம் எல்லோரும் கண்டோம். உலகம் சூடேறச் சூடேற இத்தகைய கனமழைகள் மேலும் கனக்கும். உலகம் விடும் புகையில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதிலும் லயத்தின் பங்கு எவ்வளவு? குறைவாக எரித்தவர்கள் வீட்டையும் காணியையும் இழக்கிறார்கள். அந்தத் தாய்க்கு நாங்கள் சொல்லத் தவறிய பதில் இதுவே.

6. அப்படியானால் எண்ணெயும் காஸும் வேண்டாமா?

விறகுப் புகையில் இருமும் பெண்ணிடம் காஸ் வாங்காதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மூடிய அடுப்படியில் விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கிறது. அங்கே காஸ் பெரும் ஆறுதல்.

எண்ணெய் இல்லாத சக்தி எல்லாம் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம். உமா ஓயாத் திட்டம் நீரால் மின்சாரம் எடுப்பது. 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட அது 120 மெகாவாட் திறன் கொண்டது. ஆனால் அதன் சுரங்கத்தைத் தோண்டும்போது 2014 டிசம்பர் முதல் நீர் உள்ளே பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. எனவே எந்தச் சக்தியானாலும் கேட்க வேண்டியது ஒன்றே: பயன் யாருக்கு, சேதம் யாருக்கு?

7. நாம் செய்யக்கூடியவை

• புகைபோக்கியுடன் அனகி அடுப்பை அமைத்தால் விறகும் புகையும் குறையும்.

• மண்ணைப் பரிசோதித்த பின்பே யூரியா இடுவோம். கூட்டெருவும் கிளிரிசீடியா இலையும் அதன் தேவையைக் குறைக்கும்.

• நேரான பக்கங்களுள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, விழும் மழையை அடிமட்டத்தால் அளப்போம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 என்றால், உடனே வெளியேற வேண்டும். இவை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகள்.

• பாதுகாப்பான காணிக்கான கோரிக்கையைச் சங்கமாகச் சேர்ந்து, எழுத்தில், பிரதேச செயலாளரிடம் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்வோம்.

கலந்துரையாடுவதற்கு

1. நம் வீட்டில் ஒரு மாதத்தில் விறகு, மண்ணெண்ணெய், காஸ், யூரியா ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவாகிறது? எதை முதலில் குறைக்கலாம்?

2. நாம் விட்டு வந்த இடத்தில் சரிவுக்கு முன் எந்த அடையாளங்கள் தெரிந்தன? யாரிடம் சொன்னோம்?

3. இப்போது இருக்கும் இடத்தில் மழைப் பேணியை யார் வைப்பது? இரவில் அளந்து மற்றவர்களை எழுப்பும் பொறுப்பு யாருடையது? இன்றே பெயர்களை எழுதி வைப்போம்.